சித்திரமும் சுற்றமும்

விழாக் காலத்திற் கல்லூரியை நினைப்போர் அதன் கட்டடங்களையும் பரீட்சைப் பேறுகளையும் விளையாட்டு வெற்றிகளையும் நினைப்பர். அதனை வளர்த்த அதிபர்களையும் நன்றியோடு நினைப்பர். அவ்வாறு நினைத்தல் தக்கதே. ஆயினும் இம்மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவர் ஒவ்வொருவருக்கும் பிறிதொரு நினைவும் உண்டு. அதுதான் கொப்பியின் கடைசிப் பக்கம். முன்பக்கங்கள் ஆசிரியருக்குரியன, கடைசிப் பக்கம் மாணாக்கனுக்கே உரியது. விமானங்களும் வீரர்களும், சற்றே பெருத்த மூக்குடைய ஆசிரியர்களும் வாழ்ந்த இடம் அது. அப்பக்கத்துக்காக வாதாட ஒருவரும் விழா மலர்களில் முன்வருவதில்லை. ஆதலின் அப்பணியை நான் மேற்கொள்ளுகின்றேன்.

யான் சொல்ல விழைவது ஒன்றே. பொழுதுபோக்காகச் சித்திரமும் சித்திரக்கதையும் வரையும் பிள்ளைக்குப் பரிசிலைக் காட்டிலும் இன்றியமையாதது, "அடுத்த பக்கம் எங்கே?" என்று கேட்கும் ஒரு தோழர் கூட்டம். பரிசில் கொடுக்க நாம் நன்கு கற்றுள்ளோம். கூட்டத்தை அமைத்துக் கொடுக்க இன்னும் கற்றோமல்லோம்.

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று சித்திரத்தைக் கைப்பழக்கம் என்றும், தமிழை நாப்பழக்கம் என்றும் கூறும். தமிழாசிரியர் அனைவரும் ஆண்டுதோறும் விளக்கும் பாட்டு அது. நானும் பல்லாண்டு விளக்கினேன். "நாள்தோறும் பழகுக" என்பதே அதன் பொருளென்று சொல்லி அமைந்தேன். பின்னரே ஓர் ஐயம் எழுந்தது. நா எவ்வாறு பழகும்? கேட்போர் இருந்தாற் பழகும். தனியறையிற் பேசிப் பேச்சாளர் ஆயினார் எவருமிலர். அவ்வாறாயின் கை எவ்வாறு பழகும்? காண்போர் இருந்தாற் பழகும். அதே பாட்டு நட்பைப் பழக்கத்தால் வருவதன்று, பிறவிக் குணம் என்று பிரித்துவைக்கின்றது. பிறவியில் வந்த அந்நட்புக்கும் கூடியிருக்க ஓர் இடமும் ஒரு வேளையும் வேண்டும் என்பதே என் துணிபு.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். பரிபாடலிலே திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபம் ஒன்று பேசப்படுகின்றது. காமனும் இரதியும், அகலிகையும் கௌதமனும், பூனை வடிவெடுத்த இந்திரனும் ஆங்கே தீட்டப்பட்டிருந்தனர். கதை சொல்லும் சித்திரங்கள் அவை. அவற்றைக் காண வந்தோர் வாய்மூடி நின்றிலர். இவன் யார், இவள் யார் என்று ஒருவர் வினவ, மற்றவர் சுட்டிக்காட்டி விடையிறுத்தனர். சித்திரம் இருந்தது, அதைச் சுற்றி வினாவும் விடையும் இருந்தன. எழுதுதல் என்ற ஒரு சொல்லே வரைதலுக்கும் எழுத்துக்கும் பொதுவாய் நம் மொழியில் வழங்கியதையும் ஈண்டு நினைத்தல் நலம். படத்தையும் சொல்லையும் சேர்த்துக் கதை சொல்லும் பிள்ளை நம் மரபுக்குப் புறம்பான செயல் எதனையும் செய்கின்றானல்லன்.

அண்மைக் கால யாழ்ப்பாணத்தை நோக்கினும் இவ்வுண்மையே புலனாகும். 1938 ஆம் ஆண்டிலே எஸ். ஆர். கனகசபை அவர்கள் வின்சர் சித்திரக் கழகத்தை நிறுவினார். இலங்கைக் கல்விப் பகுதியிலே சித்திரக் கல்விப் பரிசோதகராக விளங்கிய வின்சரின் பெயரை அக்கழகம் தாங்கியது. பின்னர் 1959 இல், குருநகரிற் பிறந்த ஓவியர் அ. மாற்கு அவர்கள் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தோற்றுவித்தார். அப்பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விடுமுறைக்கால ஓவியர்! வேலை நாளில் வேறு தொழிலும் வேறு படிப்பும் உடையோர், ஓய்ந்த நாளிலே கூடித் தூரிகை பிடித்தனர் என்பது அப்பெயரிலேயே விளங்குகின்றதன்றோ? மாற்கு அவர்கள் 2000 ஆம் ஆண்டில் மறைந்தார். அவரைச் சூழ்ந்து பயின்றோருட் சிலர் பின்னாளிற் பெயர்பெற்ற ஓவியராயினர். ஆகாதோரும் ஓவியத்தைக் காணும் கண் பெற்றனர். ஒரு சமூகத்துக்கு இவ்விரு கூட்டத்தாரும் வேண்டும்.

சித்திரத்தாற் சிரிப்பும் சிந்தனையும் ஊட்டிய வடமராட்சியாரையும் மறத்தல் ஆகாது. கரவெட்டியிற் பிறந்த சி. சிவஞானசுந்தரம் அவர்களை நாம் "சிரித்திரன்" சுந்தர் என்றே அறிவோம். கட்டடக் கலை பயிலப் பம்பாய் சென்றவர் கருத்தோவியராய்த் திரும்பினார். அவர் படைத்த சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் மிஸிஸ் டாமோடிரனும் நம் வீட்டு மனிதராகவே உலாவினர். அவர் அறுபதுகளில் தொடங்கிய "சிரித்திரன்" ஒருவர் வரைந்து பலர் பார்த்த ஏடு மாத்திரமன்று. புதிய எழுத்தாளருக்கும் நகைச்சுவையாளருக்கும் ஒரு திண்ணையாகவும் இருந்தது. 1996 இல் அவர் மறைந்தார். அத்தகைய திண்ணை இப்பொழுது எங்குளது என்று ஓர் இளைஞன் கேட்பானாயின் யாது விடை பகர்வோம்?

என் இளமையில் எனக்கு அத்தகைய திண்ணை ஒன்று வாய்த்தது. தொண்ணூறுகளின் முற்பகுதி அது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை, தாளுக்கும் தட்டுப்பாடு. சிவகாசியிலிருந்து முன்னாளில் வந்த முத்து காமிக்ஸ் புத்தகங்கள், அட்டை கிழிந்தும் நடுப்பக்கம் இழந்தும், கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்து சேரும். 1972 இல் முதன்முதல் வெளிவந்த "இரும்புக்கை மாயாவி" எங்களுக்குக் கிடைத்தபொழுது அதன் இறுதிப் பக்கங்கள் இல்லை. ஐவர் நாங்கள். முடிவு தெரியாமல் உறக்கம் வரவில்லை. ஆகவே முடிவை நாங்களே வரைந்தோம். போத்தல் விளக்கொளியில், பழைய கணக்குத் தாள்களின் பின்புறத்தில், ஆளுக்கொரு முடிவு. எவனும் சித்திரத்திற் சிறந்தவனல்லன். என் மாயாவியின் கை பனம்மட்டை போலிருந்தது. ஆயினும் மறுநாட் காலை நால்வர் அதைப் பார்க்கக் காத்திருந்தனர் என்பதற்காகவே நான் வரைந்தேன். இடப்பெயர்வுகளில் அத்தாள்கள் போயின. ஐவரும் ஐந்து திசையாயினோம். ஆனால் அக்காலத்தை நினைக்கும்பொழுது வறுமையும் அச்சமும் மாத்திரம் நினைவுக்கு வாராதபடி அத்தாள்களே காத்துத் தந்தன.

இவ்வளவு பெற்ற நானே பின்னர் ஒரு பிழை செய்தேன். அதனை இங்கே சொல்லாது விடின் இக்கட்டுரை வெறும் உபதேசமாய் முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாந் தர வகுப்பொன்றிலே செய்யுட் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் ஒரு கொப்பி மேசைக்குக் கீழே கைமாறிக்கொண்டிருந்தது. ஐந்து தலைகள் அதன்மேற் கவிந்திருந்தன. சென்று பறித்தேன். தொண்டைமானாற்று அணையைப் பற்றிய சித்திரக்கதை அது. கடல்நீர் உட்புகாது தடுக்கும் அவ்வணையின் கதவண்டையில் ஒரு நண்டு காவல் நிற்கின்றது. கடலிலிருந்து வரும் மீன்களை அது மறித்து, "அடையாள அட்டை எங்கே?" என்று கேட்கின்றது. அட்டையில்லாத கிழத் திரளி மீன் ஒன்று, தன் பேரப்பிள்ளைகள் உள்ளே ஏரியில் இருக்கின்றார்களென்று கெஞ்சுகின்றது. கோடுகள் நடுங்கின, எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன, ஆனால் கதை நின்றது. அந்நண்டு என்னைப் போலவே மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தது. என் சினத்தில் ஒரு பங்கு அக்கண்ணாடியின் பொருட்டே எழுந்ததென்று இன்று ஒப்புக்கொள்ளுகின்றேன்.

வகுப்பை ஒழுங்குடன் வைத்திருக்கும் முறைகளை ஆசிரியர் கலாசாலையிற் கற்றவன் நான். அதன்படியே செய்தேன். கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஐவரையும் ஐந்து மூலையில் இருத்தினேன். வகுப்பு அமைதியாயிற்று, நானும் மகிழ்ந்தேன். இரண்டாண்டுகள் சென்று, சாதாரண தரப் பரீட்சை முடிந்த பின் அச்சிறுவன் ஒருநாட் பாடசாலைக்கு வந்தான். அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்துக் கொடுத்து, "இப்பொழுதும் வரைகின்றாயா, தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை, சேர். இப்ப கீறுறேல்லை. முந்தி அவங்கள் 'அடுத்தது எங்கை?' எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பாங்கள். பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை. அதோடை விட்டிட்டன்."

அவன் என்னைக் குறை கூறினானல்லன். அதனாலேயே அச்சொல் என்னை விட்டு அகலவில்லை. நான் பறித்தது கொப்பியை என்று எண்ணியிருந்தேன்; கொப்பி இரண்டு ரூபாய்த் தாள்களாற் கட்டியது போன்ற அற்பப் பொருள், பிறிதொன்று வாங்கலாம். நான் உண்மையிற் கலைத்தது அந்த ஐந்து தலைகளை. அவற்றை எந்தக் கடையில் வாங்குவது?

எங்கள் ஊரிலிருந்து அப்பால் வல்வெட்டித்துறைக்குத் தைப்பொங்கலன்று சென்று பாருங்கள். கடற்கரை முழுவதும் சனத்திரள். மூங்கிலும் தாளும் நூலும் கொண்டு, பல வாரங்கள் கூடியிருந்து கட்டிய பட்டங்கள் விண் கூவ மேலெழுகின்றன. பரிசு பெறுவன சிலவே. ஆயினும் பரிசு பெறாத பட்டத்தையும் அந்தத் திரள் அண்ணாந்து பார்க்கின்றது; அடுத்த ஆண்டு எதைக் கட்டப்போகின்றாய் என்று கட்டியவனைக் கேட்கின்றது. இதனால் என்ன வருமானம் என்று எவரும் அவனைக் கேட்பதில்லை. பட்டம் என்ற சொல்லுக்கு நம்மூரில் இரு பொருள் உண்டு. ஒரு பட்டத்துக்காகப் பிள்ளையைப் பதின்மூன்று ஆண்டு தனியே இருத்திப் படிக்க வைக்கின்றோம். மற்றப் பட்டத்தைக் கட்ட ஊரே கூடுகின்றது. சித்திரக்கதை வரையும் பிள்ளைக்கு அந்தக் கடற்கரையில் ஒரு முழம் இடம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

உலகம் இதனை எவ்வாறு செய்தது என்பதையும் நோக்குவோம். யப்பானின் தலைநகரிலே 1975 ஆம் ஆண்டு மார்கழியில், தாமே வரைந்து தாமே அச்சிட்ட சித்திரக்கதைப் புத்தகங்களை விற்கவும் மாற்றிக்கொள்ளவும் ஆர்வலர் சிலர் ஒரு சந்தை கூட்டினர். கோமிக்கெற் என்பது அதன் பெயர். முதற் சந்தையில் 32 குழுக்களும் ஏறத்தாழ 700 பேரும் கலந்துகொண்டனர். இன்று ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் அச்சந்தைக்கு இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். ஆங்கே ஒவ்வொரு குழுவையும் "வட்டம்" என்னும் பொருள்பட அழைப்பர். தனி மேதையைக் குறிக்கும் சொல்லை அவர்கள் தேர்ந்தாரல்லர். சுற்றியிருப்போரைக் குறிக்கும் சொல்லையே தேர்ந்தனர்.

இணையம் வந்த பின்னர் தாளும் அச்சும் இல்லாமலே சித்திரக்கதை வெளியிடுதல் இயல்வதாயிற்று. அமெரிக்கரான றண்டல் மன்றோ, தம் பழைய கொப்பிகளிற் கிறுக்கியிருந்த படங்களை 2005 ஆம் ஆண்டில் இணையத்தில் இட்டார். கைகால்கள் வெறுங் குச்சிகளாகவே உள்ள மனிதர் அவர் பாத்திரங்கள். பௌதிகம் பயின்ற அவர் பின்னர் அதனையே முழுநேர வேலையாக மேற்கொண்டார். யப்பானில் "வன்" என்ற புனைபெயருடைய ஒருவர் 2009 இல் "வன் பஞ்ச் மான்" என்ற கதையை இணையத்தில் வரையத் தொடங்கினார். அவர் கோடுகள் பயிலாதவன் கோடுகள் போன்றே இருந்தன. வாசகர் அதனைப் பொருட்படுத்தாமல் அடுத்த பகுதியைக் கேட்டுக்கொண்டேயிருந்தனர். கைதேர்ந்த ஓவியரான முராத்தா என்பவர் 2012 இல் அதே கதையை மீள வரைந்து வெளியிடலானார். கொப்பியின் கடைசிப் பக்கத்துக்கு உலகம் தந்த மரியாதை இது. எல்லாப் பிள்ளைகளும் இவ்வாறு புகழ் பெறுவர் என்று நான் சொல்லவில்லை. மிகப் பெரும்பாலோர் பெறார். பெறாத பெரும்பாலோருக்காகவே பேசுகின்றேன். பட்டம் ஏற்றுவோர் எல்லாரும் விமானி ஆவதற்காக ஏற்றுவதில்லையே.

இதற்கு வரக்கூடிய தடைகள் மூன்று. பரீட்சை என்பது முதலாவது. எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழ் மாணவர் பலர் முதலில் அறிவது தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் உயர்தர வினாத்தாள்களில்தான். அவ்வினாத்தாள்களால் நன்மையடைந்தோர் எண்ணிறந்தோர். அந்நிலையத்தை நான் போற்றுகின்றேன். அதனை உருவாக்கி வளர்த்ததும் தனியொருவரல்லர், கூடி உழைத்த ஆசிரியரே என்பதை நோக்குக. கூடினால் வினாத்தாள் செய்யலாம். கூடினாற் சித்திரக்கதையும் செய்யலாம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கூடி வரைவதனால் எந்தப் பரீட்சையும் கவிழ்ந்துவிடாது.

இரண்டாவது தடை, ஊக்கம் என்ற பெயரில் வெறும் முகஸ்துதி வளரும் என்பது. இவ்வச்சம் நியாயமானதே. "நன்று, நன்று" என்று மாத்திரம் சொல்லும் கூட்டத்தில் எவனும் வளரான். கைப்பேசியில் ஒரு படத்தை இட்டு விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை, பரிசிலுக்கு ஏங்கும் பிள்ளையிலும் மேலானவனல்லன். நான் வேண்டும் கூட்டம் பாராட்டும் கூட்டமன்று, பார்க்கும் கூட்டம். "இந்தத் திரளி ஏன் அழவில்லை? இவன் எந்தப் பக்கமாக வந்தான்? எனக்கு விளங்கவில்லையே" என்று தோழன் ஒருவன் கேட்கும்பொழுது வரைந்தவன் தன் கட்டத்தை அழித்து மீண்டும் வரைவான். அப்பாடத்தை எந்த ஆசிரியராலும் அத்துணை இனிதாகக் கற்பிக்க இயலாது. மண்டபத்திலே முன்னோர் வினவிய வினாவும் இதுவேயன்றோ?

மூன்றாவது தடை புதியது. சொன்ன மாத்திரத்தே கணினி படம் வரைந்து தருகின்ற இக்காலத்தில் பிள்ளை ஏன் கைநோக வரைய வேண்டும் என்பர். படம் வேண்டுமாயின் இவ்வினா பொருந்தும். நமக்கு வேண்டுவது படமன்று, வரையும் பிள்ளை. மோட்டார் வண்டி வந்த பின்னரும் நாம் விளையாட்டுப் போட்டியில் ஓட்டப் பந்தயத்தை நிறுத்தவில்லை.

இனி, விழாவை முன்னிட்டுக் கல்லூரிக்கு யாது செய்யலாம் என்று ஆராயும் பழைய மாணவர் சங்கத்தாருக்கு என் விண்ணப்பம். வளைவுகளும் கேடயங்களும் தங்கப் பதக்கங்களும் நல்லவையே. அவற்றோடு ஒரு "சித்திர வட்டம்" அமைத்துத் தருக. பள்ளி நேரத்துக்குப் பின் திறந்திருக்கும் ஓர் அறை. ஒரு நீண்ட மேசை. வெள்ளைத் தாளும் கறுப்பு மையும் பென்சிலும். வாரத்தில் ஒரு மாலை. வேறு பெருஞ்செலவு இல்லை. அவ்வட்டத்துக்கு விதிகள் சிலவே போதும். அங்கே புள்ளி இடப்படாது. தன் பக்கத்தைக் காட்ட வருபவன் பிறன் ஒருவனுடைய பக்கத்தைப் பார்த்து ஒரு வினாவேனும் கேட்டல் வேண்டும். நூறு பக்கக் காவியத்தைத் தொடங்கி நிறுத்துவதிலும் நான்கு கட்டக் கதையொன்றை முடித்தல் சிறப்பு. பிறர் படத்தைப் பார்த்துப் பழகலாம், தனதென்று காட்டலாகாது. ஆசிரியர் ஒருவர் உடனிருப்பார். ஆனால் அவர் மேசையின் தலைமாட்டில் இராமல் வாங்கில் இருப்பார். இயலுமாயின் அவரும் வரைவார்.

ஆண்டுக்கு இருமுறை அப்பக்கங்களைத் தொகுத்து ஒரு சிறு புத்தகமாக்கலாம். பெற்றோர் இசைவோடும், சிறுவர் முகவரி முதலியன வெளிப்படாத பாதுகாப்போடும், அதனை இணையத்திலும் இடலாம். அங்கேதான் றொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவருக்கு ஒரு பணி உண்டு. காசு அனுப்புதல் எளிது. அதனை நீங்கள் குறைவின்றிச் செய்து வந்திருக்கின்றீர்கள். இம்முறை அதனிலும் அரிய ஒன்றைக் கேட்கின்றேன். அப்புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தையேனும் முழுதும் பார்த்து, அதனை வரைந்த பிள்ளைக்குக் கல்லூரி வழியாக இரண்டு வரி எழுதுங்கள். "நன்று" என்று மட்டும் எழுதி விடாதீர்கள். "பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கடல் கடந்து ஒருவர் தன் கதைக்குக் காத்திருக்கின்றார் என்று அறிந்த பிள்ளை அன்றிரவு மேசையில் அமர்வான்.

நான் பிரித்த ஐவரும் இன்று வளர்ந்து தத்தம் வழியே சென்றுவிட்டனர். அவ்வட்டத்தை மீளக் கூட்ட என்னால் இயலாது. கொப்பியைத் திருப்பிக் கொடுத்த அன்று ஒன்று மாத்திரம் செய்தேன். செய்தற்குப் பிந்திய செயல்தான். அவன் வாயிலைத் தாண்டுமுன் அழைத்து, "தம்பி, அந்தத் திரளியை நண்டு உள்ளே விட்டதா?" என்று கேட்டேன். அவன் சற்று நின்றான், சிரித்தான், "யோசிக்கேல்லை, சேர்" என்று சொல்லிப் போனான்.

அணையைக் கடந்து பாடசாலைக்குச் செல்லும் நாள்களில் இன்றும் அக்கதவுகளைப் பார்க்கின்றேன். அந்தக் கிழ மீன் இன்னும் வெளியேதான் நிற்கின்றது. அடுத்த பக்கம் எங்கே?